சாவியக்காவும் கடல் தள்ளிய குப்பையும்

பதினேழு வருஷமாக ஒரு கடற்கரையைத் தினமும் பெருக்கியவள் சாவியக்கா. முழுக் கடற்கரையையும் அல்ல. அதற்கு ஒரு நகராட்சியே வேண்டும். லீவுக்கு வருகிறவர்களுக்கு அறை விடும் பங்களாவின் மரப்படிகள் மணலில் இறங்கும் இடத்திலிருந்து கறுப்புப் பாறை வரை உள்ள துண்டு மட்டும். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்தலாம். விடிந்தும் விடியாமலும் பல் வைத்த இரும்பு வாரியோடு இறங்குவாள். கடல் தள்ளிவிட்டுப் போன பாசி, சிப்பி, கட்டை, கயிறு, ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் வாரித் தள்ளுவண்டியில் ஏற்றி, மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் கொட்டிவிட்டு வருவாள். விருந்தாளிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வரும்போது மணல், இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு மாதிரி விரிந்து கிடக்கும்.

மணலைப் பெருக்கும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று பழைய முதலாளி, "வர்றவங்க எழுந்து பார்க்கும்போது வாசல் பளிச்சுனு இருக்கணும்" என்றார். அவர் சொன்னது வராந்தாவை. அவள் வராந்தாவைப் பெருக்கினாள், படிகளைப் பெருக்கினாள். படிகளுக்குக் கீழே மணல் வந்தது, அதையும் பெருக்கினாள். எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லாததால் பாறை வந்த இடத்தில் நிறுத்தினாள்.

இடுப்பில் தொங்கும் கொத்தில் பங்களாவின் எல்லா அறைக்கும் சாவி உண்டு. எந்தக் கதவும் இல்லாத சாவிகளும் உண்டு. அவள் வருவதற்கு முன் சத்தம் வரும். அதனால்தான் அந்தப் பெயர். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். முதுகு மக்கர் பண்ணிய பிறகு பங்களாவின் தண்ணீர் மோட்டார், வேன், ஒழுகும் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. ஊருக்கு அவர் இன்னும் மெக்கானிக்தான். இருவரும் சமையலறைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். ஒரே மகளைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த இரண்டு அறைகளிலிருந்துதான்.

பழைய முதலாளி போய்ச் சேர்ந்து, பங்களா அவர் மகளுக்கும் மகனுக்கும் பாதிப் பாதியானது. இருவரும் நகரத்தில். சீசன் தொடங்கும் நேரத்தில் ஒரு மத்தியானம் முதலாளியின் மகளிடமிருந்து போன் வந்தது.

"சாவியக்கா, மனசு கஷ்டப்படாதீங்க. வித்துடலாம்னு தம்பி சொல்றான்."

"எதம்மா?"

"பங்களாவத்தான். வர்ற ஆளே குறைஞ்சுபோச்சு. வந்தவங்களும் நெட்டுல என்ன எழுதுறாங்க தெரியுமா? வீடு அருமை, சாப்பாடு அருமை, செய்ய ஒண்ணுமே இல்லன்னு எழுதுறாங்க. எல்லாரும் அதையேதான்."

"செய்ய ஒண்ணுமில்லன்னா? லீவுக்குத்தானே வர்றாங்க, கூலி வேலைக்கா வர்றாங்க?"

மகள் சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இந்த சீசன் முடியறவரைக்கும் அவனை நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்குள்ள ரூமெல்லாம் நிறைஞ்சா எனக்கு வாதாட ஒரு பிடி கிடைக்கும். இல்லன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாதுக்கா."

சாவியக்கா போனை வைத்துவிட்டு, கொட்டகையில் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த கணவரிடம் போய் நின்றாள். விஷயத்தைச் சொன்னாள்.

"வித்தா நாம எங்கங்க போறது?"

"வாங்கறவன் இடிச்சுட்டு ஓட்டல் கட்டுவான். ஓட்டலுக்கு ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளையும் முதுகுவலிக்காரனும் எதுக்கு?"

"அப்ப விக்க விடக்கூடாது."

"நீ சொன்னதும் கேட்டுடுவாங்க பாரு."

"சொல்லப் போறதில்ல. செய்ய ஏதாவது கண்டுபிடிக்கப் போறேன்."

மறுநாளே தெருவில் இறங்கினாள். நம்ம ஊர்ல பார்க்க என்ன இருக்கு என்று எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டாள். மளிகைக்கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "புது மேம்பாலம் இருக்கே! லாரியெல்லாம் நம்ம தலைக்கு மேல போகும்." முடிவெட்டுகிறவர், "மொதல்ல என் கடைக்கு வரச்சொல்லு, வர்றவன்லாம் காடு மாதிரி முடி வச்சிருக்கான்" என்றார். தபால்காரர்தான் கொஞ்சம் உருப்படியாகச் சொன்னார்: "ஐஸ் ஃபேக்டரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. வெயில்ல வர்றவங்களுக்கு உள்ள நுழைஞ்சாலே சும்மா ஜில்லுனு இருக்கும்."

ஐஸ் ஃபேக்டரிக்கு முதலில் மாட்டியது ஒரு புதுமணத் தம்பதி. மீன் லாரிகளுக்குப் போகும் ஐஸ் கட்டிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம், சறுக்குப் பலகையில் வந்து விழுவதை அரை மணி நேரம் பார்த்தார்கள். மணப்பெண் தும்மிக்கொண்டே திரும்பினாள். அவர்கள் நெட்டில் எழுதிய கருத்து இரண்டே சொல்: "ஐஸ் பார்த்தோம்."

அடுத்தது கலங்கரை விளக்கம். காவலர் சாப்பிடப் போயிருந்தார். அவர் சாப்பாடு சாயங்காலம்வரை நீண்டது. அடுத்தது சைக்கிள். மெக்கானிக் இரண்டு பழைய சைக்கிளைப் பிரித்து மாட்டித் தயார்செய்தார். அதில் கிளம்பிய இன்ஜினீயர், டயரில் முள் குத்தியதால், சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினார். அடுத்தது கழிமுகத்தில் படகு. நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது. மெக்கானிக் அங்கேயே அதைப் பிரித்தார். படகில் இருந்த குடும்பத்துக்கு வெயிலில் தோல் உரிந்தது, ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றுவது எப்படி என்று எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

அவள் விடவில்லை. காலையில் இது, சாயங்காலம் அது என்று ஒவ்வொரு அறைக்கும் நிகழ்ச்சி நிரல் போட்டாள். சும்மா படுத்துக் கிடக்கலாம் என்று வந்த ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, சாவிச் சத்தம் கேட்டாலே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"ஏன் இப்படி விரட்டுறே? போலீஸ்காரி மாதிரி" என்றார் மெக்கானிக்.

"செய்ய ஒண்ணுமில்லன்னு அவர் எழுதிடக்கூடாதில்ல."

"அவர் எழுதுவாரு. 'தப்பிக்க வழியில்ல'ன்னு எழுதுவாரு."

சீசனில் பாதி கரைந்தது. மூன்று அறைகளில் ஒன்றுதான் நிறைந்திருந்தது. அதில் இருந்தவர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். வாரம் முழுக்கத் தங்க வந்தவர்கள், இரண்டாம் நாளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். காலைச் சாப்பாட்டின்போது டாக்டரின் மனைவி சாவியக்காவுக்குக் கேட்கும்படியே சொன்னார்: "நாளைக்கே கிளம்பலாம். இங்க என்ன இருக்கு? கடல் இருக்கு. அதான் நேத்தே பார்த்தாச்சே."

டாக்டர் எழுந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். சாவியக்காவுக்குக் காரணம் தெரியும். ஊருக்கெல்லாம் சிகரெட் பல்லைக் கெடுக்கும் என்று சொல்கிறவர், மனைவிக்குத் தெரியாமல் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் மனைவியும் போனார், கையும் களவுமாகப் பிடிக்க. போனவர் திரும்பவில்லை. இரண்டு பேருமே திரும்பவில்லை. மேசையில் மத்தியானச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அடிதடி ஏதாவது நடந்திருக்குமோ என்று சாவியக்கா ஓடினாள்.

இரண்டு பேரும் அவள் வருஷக்கணக்கில் கொட்டிய குப்பைமேட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் பேன்ட் முழங்காலுக்கு மேல் சுருண்டிருந்தது. மனைவி தலைமுடியை ஒரு பழைய வலைக்கயிற்றால் கட்டியிருந்தார். சுற்றுச்சுவர் மேல் சிப்பிகள், சங்குகள், கண்ணாடி உருண்டைகள், ஒரு பொம்மையின் கை, ஏதோ கப்பலின் பித்தளை எண் பதித்த மரக்கதவு.

சாவியக்காவுக்கு மானம் போயிற்று. "ஐயோ டாக்டர், அது குப்பைங்க! கைய எடுங்க!"

"குப்பைன்னு யாரு சொன்னா?"

"நான்தானே கொட்டினேன், எனக்குத் தெரியாதா?"

"சாவியக்கா, இங்க வாங்க, இத வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க" என்று மனைவி ஒரு பச்சைக் கண்ணாடித் துண்டை நீட்டினார். "ஏதோ பாட்டில் சில்லுதான். கடல் தேய்ச்சுத் தேய்ச்சு எப்படி ஆக்கியிருக்கு பாருங்க. கூர்னு ஒண்ணுமே இல்ல."

டாக்டர் கொட்டகை வாசலில் கிடந்த வட்டக்கட்டையைக் காலால் உருட்டினார். "இது எங்க கிடைச்சுது?"

"அதுவா? அது ஏதோ மரத்துண்டு. நல்ல உயரமா இருக்கு. அதுமேல உட்கார்ந்துதான் ரொம்ப நாளா மீன் கழுவுறேன்."

"மரம் இல்லீங்க, எலும்பு. இவ்ளோ பெருசுன்னா திமிங்கிலமாத்தான் இருக்கணும். முதுகெலும்புல ஒரு துண்டு."

சாவியக்கா அந்த எலும்பைப் பார்த்தாள். இத்தனை நாள் அதன் மேல் உட்கார்ந்ததற்கு அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"இதெல்லாம் எப்பப்ப வரும்?" என்று மனைவி கேட்டார்.

"தினமும் வரும். காத்து அடிச்சா வண்டி வண்டியா வரும். நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள வாரிக் கொட்டிடுவேன்."

"எதுக்கு?"

"வாசல் பளிச்சுனு இருக்கணும்னு பழைய முதலாளி சொன்னாரு" என்றாள் சாவியக்கா.

"நாளைக்கு ஒரு நாள் பெருக்காம விடுங்களேன்" என்றார் டாக்டர்.

மறுநாள் விடியலில் அவள் படிகளில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். பல் தேய்க்காமல் கல்யாணத்துக்குப் போனது போல ஒரு கூச்சம். பாசி ஒரு நீளக் கோடாகக் கிடந்தது, அதற்குள் என்னென்னவோ மினுங்கின. கை வாரியைத் தேடித் தேடிப் போனது. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?" என்றார் மெக்கானிக்.

"பேசாம போங்க. நானே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

டாக்டர் தம்பதி ஆறரைக்கெல்லாம் மணலில் இறங்கிவிட்டார்கள். குளிக்காமல், காபி கேட்காமல், ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டு. சண்டை அல்ல. "இங்க வாயேன், இதப் பாரேன்" என்று கத்தினார்கள். பன்னிரண்டு மணிக்கு அவள் கூப்பிட்டபோது, "இன்னும் பாறைக்கிட்ட பார்க்கலக்கா" என்று பதில் வந்தது. மறுநாளே கிளம்புவதாக இருந்தவர்கள் முழு வாரமும் இருந்தார்கள். கிளம்பும்போது டாக்டர், "நெட்டுல நான் எழுதுறேன்" என்றார். மனைவி, "நீங்க எழுதினா பல்லப் பத்தி எழுதுவீங்க, நானே எழுதுறேன்" என்றார்.

அதற்குப் பிறகு சாவியக்கா வாரியைத் தொடவில்லை. ஆனால் சும்மா விட்டால் போதும் என்று நினைத்தது தப்பு என்று சீக்கிரமே தெரிந்தது. அடுத்து வந்த ஒருவர் காலில் தூண்டில் முள் ஏறியது. அன்றிலிருந்து அவள் பழைய நேரத்துக்கே வாளியோடு இறங்கினாள். தூண்டில் முள், தேயாத கண்ணாடி, தார் உருண்டை, கொட்டும் சொறிமீன், பிளாஸ்டிக் ஆகியவற்றை மட்டும் குனிந்து குனிந்து எடுத்தாள். வாரியால் இழுப்பது அரை மணி வேலை. இதுவோ இடுப்பை ஒடித்தது. கூடவே ஒவ்வொரு பொருளையும் பார்த்தாக வேண்டியிருந்தது. எது ஆபத்து, எது அழகு என்று பார்க்காமல் பிரிக்க முடியாதே. இத்தனை வருஷம் வாரியவற்றில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

இன்னொரு பாடம் நாற்றத்தோடு வந்தது. ஒரு வக்கீலம்மா அழகான சங்கு ஒன்றைப் பெட்டிக்குள் துணியோடு வைத்துவிட்டார். அதற்குள் குடியிருந்த ஜீவன் உள்ளேயே செத்தது. இரண்டாம் நாள் மாடி முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு சாவியக்கா ஒரு சட்டம் போட்டாள்: அசையும் எதுவும் தண்ணீருக்குத் திரும்பிப் போக வேண்டும், வக்கீலாக இருந்தாலும் மேல்முறையீடு கிடையாது.

மெக்கானிக், கப்பல் கதவுக்கு நாலு கால் அடித்து வராந்தாவில் மேசையாக்கினார். கிடைத்ததையெல்லாம் அதில் கழுவிப் பரப்ப வாளியில் நல்ல தண்ணீர். தேய்க்கப் பல் டாக்டர் ஒரு பெட்டி நிறையப் பல் துலக்கும் பிரஷ் அனுப்பியிருந்தார். விருந்தாளிகள் மத்தியானமெல்லாம் மேசையைச் சுற்றி நின்று தேய்த்தார்கள், பெயர் வைத்தார்கள், சண்டை போட்டார்கள். டாக்டரின் மனைவி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டாவது அறைக்கு ஆள் வந்தது, பிறகு மூன்றாவதுக்கும். நீதிபதிகூடப் போன் பண்ணினார். "இப்பவும் நிகழ்ச்சி நிரல் உண்டா?" என்று கேட்டுக்கொண்டு, இல்லை என்று உறுதியான பிறகு அறை சொல்லிவைத்தார்.

சீசன் முடிய நாலு நாள் இருக்கும்போது மகன் வந்தார். சொல்லாமல் வந்தார், வாங்கப் போகிறவரையும் அழைத்துக்கொண்டு. முந்தைய இரவு காற்று பேயாட்டம் ஆடியிருந்தது. கரை முழுக்கப் பாசி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அதற்குள் ஐந்தாறு பேர் குந்தி உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தார்கள்.

மகன் வாங்குபவரை வராந்தாவில் உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, படியிறங்கி வந்தார். பற்களுக்கு இடையில் பேசினார்.

"என்ன சாவியக்கா இது? குப்பைமேடு மாதிரி கிடக்கு!"

"நேத்து நல்ல காத்து தம்பி. நிறைய வந்திருக்கு."

"அவர் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள பெருக்குங்க. இந்த மணலைக் காட்டித்தான் விலை பேசியிருக்கேன்." அவரே போய்க் கொட்டகையில் கிடந்த வாரியை எடுத்துவந்து அவள் கையில் திணித்தார்.

வாரியின் பிடி அவள் உள்ளங்கைக்குப் பழகிய பிடி. இரண்டு நிமிஷம் இழுத்தால் போதும், தம்பிக்குக் கோபம் தணியும். ஆனால் அந்த மணலோடு பின்பக்கத்து இரண்டு அறைகளும் சேர்ந்து போகும். அவள் வாரியை மணலில் குத்தி நிறுத்தினாள்.

"பெருக்க மாட்டேன் தம்பி."

"என்ன?"

"இவங்கல்லாம் இதுக்குத்தான் காசு கொடுத்து வந்திருக்காங்க. பெருக்கினா நாளைக்கே பெட்டியக் கட்டுவாங்க."

"இது என் வீடு. நான் சொல்றேன்."

"பாதி உங்களோடது. மீதிப் பாதி உங்க அக்காவோடது. அவங்க எனக்கு சீசன் முடியறவரைக்கும் தவணை கொடுத்திருக்காங்க, இன்னும் நாலு நாள் இருக்கு. அப்புறம் என்னைப் போகச் சொல்லுங்க, போறேன். இன்னிக்கு இதுல வாரி படாது. படணும்னா நீங்களே இழுங்க. தள்ளுவண்டி கொட்டகைல இருக்கு."

மகன் உண்மையிலேயே இழுத்தார். பளபளக்கும் ஷூவோடு, வாரியைப் பிடுங்கி இரண்டு இழுப்பு. மூன்றாவது இழுப்புக்குள் பாசிக்கு நடுவிலிருந்து ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வகுப்புக் குரலில் எழுந்தார்.

"ஏங்க! யாருங்க அது? கைய வைக்காதீங்க! அந்தப் பக்கம் எங்களோடது, இன்னும் பார்க்கவே இல்ல!"

ஐந்தாறு தலைகள் திரும்பின. மகனுக்கு வாரியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வராந்தாவில் வாங்குபவர் காபி டம்ளரோடு எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருமே வர்றதில்லன்னு சொன்னீங்களே" என்றார் மேலிருந்து. "விலை பேசினது காலியாக் கிடக்கற இடத்துக்குத்தானே?"

"இது... இன்னிக்குத்தான் கொஞ்சம் கூட்டம்."

"அப்படியா?" என்று வாங்குபவர் சாவியக்காவைப் பார்த்தார். "நான் இங்க ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாமா?"

"ரூம் இல்லீங்க. இந்த வாரம் முழுக்க நிறைஞ்சுடுச்சு" என்றாள் சாவியக்கா. பொய்யில்லை. மூன்று அறையிலும் ஆள் இருந்தது.

மகன் பாறைக்கு அந்தப் பக்கம் போய் அக்காவுக்குப் போன் பண்ணினார். காற்று அவர் குரலைக் கொண்டுபோய்விட்டது. கை ஆடுவது மட்டும் தெரிந்தது. முதலில் வேகமாக ஆடியது, பிறகு மெதுவாக, பிறகு தொங்கியது. திரும்பி வந்தபோது ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அக்கா கையெழுத்துப் போட மாட்டாங்களாம். ஒரு வருஷம் பார்க்கறேன். அடுத்த சீசன்ல ரூம் காலியாக் கிடந்துச்சுன்னா, நானே ஆள் வச்சுப் பெருக்கிடுவேன், மணலையும் சரி, உங்களையும் சரி."

"சரி தம்பி. காபி ஆறிடுச்சு, வேற போட்டுத் தரவா?"

அவர் குடிக்கவில்லை. கார் கிளம்பிய பிறகு மெக்கானிக் கொட்டகையிலிருந்து தலையை நீட்டினார். "இத்தனை வருஷம் பெருக்கினே, ஒருத்தனும் ஏன்னு கேக்கல. ஒரு நாள் மாட்டேன்னே, எவ்ளோ பெரிய கலாட்டா!"

சாயங்காலம் மகளே கூப்பிட்டாள். தம்பி கோபமாக இருப்பதாகவும், கோபம் ஒரு வருஷத்துக்குள் ஆறிவிடும் என்றும், ஆனால் அறைகள் நிறைந்தே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். கீழே சாமான் போட்டு வைத்திருக்கும் அறையையும் காலிசெய்து வாடகைக்கு விடச் சொன்னாள்.

அடுத்த சீசனின் முதல் வாரத்துக்கு எட்டுப் பேர் அறை சொல்லியிருக்கிறார்கள். பங்களாவில் கட்டில் ஆறுதான் இருக்கிறது. மீதி இரண்டை வாங்க சாவியக்காவும் மெக்கானிக்கும் திங்கட்கிழமை வேனில் டவுனுக்குப் போகிறார்கள்.